துடுப்பின் மறுமுனை

1

கிணற்றில் நீந்தப் பழகியவர்களுக்கு இந்த விளையாட்டு தெரிந்திருக்கும். ஒருவன் மூழ்கி இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டுவான். இன்னொருவன் எதிர்ச் சுவரோரம் மூழ்கி எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும். திருவள்ளூர் பக்கம் என் அம்மாவின் ஊரில் கோடை விடுமுறை முழுவதும் இதுதான் எங்களுக்கு வேலை. தலை நீருக்குள் இருக்கும்வரை அந்தத் தட்டு மண்டைக்குள்ளேயே விழுவது போலிருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. தலையை வெளியே எடுத்தால் ஒன்றுமில்லை. தவளையும் பம்புசெட்டும்தான்.

மேலே படிக்கட்டில் நின்று மாமா சாப்பிடக் கூப்பிடுவார். எங்களுக்குக் கேட்காது. கடைசியில் யாராவது ஒருவன் மூச்சுக்காகத் தலையை நீட்டும்போது அவர் கோபத்தின் உச்சியில் இருப்பார். "கூப்பிட்டது கேக்கலையா?" என்பார் முதலில். அடுத்த வாக்கியம் எப்போதும் இது: "சொன்னா கேக்க மாட்டீங்களாடா?" முதல் வாக்கியத்தின் 'கேட்ப'தும் இரண்டாவதன் 'கேட்ப'தும் ஒன்றல்ல என்பது அப்போது எனக்குத் தோன்றியதில்லை. முதலாவது செவியைப் பற்றியது. இரண்டாவது கீழ்ப்படிதலைப் பற்றியது. அவருக்கு இரண்டும் ஒன்றே. அவர் குரல் எங்களை எட்டவில்லை என்றால் நாங்கள் பணியவில்லை என்று அர்த்தம்.

மாமாவின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. அவர் கத்திக்கொண்டுதானிருந்தார். ஆனால் பௌதிகம் அவர் பக்கம் இல்லை. ஒலிக்குத் தண்ணீரில் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். காற்றில் சுமார் 340. நீருக்குள் திசை தெரியாமல் போவதும் இதனால்தான். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே உள்ள காலதாமதம் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட, அதைக் கொண்டு திசையைக் கணிக்கப் பழகிய மூளை திகைக்கிறது. வேகத்தைவிட முக்கியமானது வேறொன்று. ஒலியின் அசைவை ஏற்றுக்கொள்வதில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,600 மடங்கு விறைப்பானது. விறைப்பில் இவ்வளவு வித்தியாசமுள்ள இரண்டு ஊடகங்கள் சந்திக்கிற இடத்தில் ஒலி கடந்து போகாது, திரும்பிவிடும். நேர்மேலே நின்று கத்தினால்கூட ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே இறங்கும். மிச்சம் அத்தனையும் கத்தியவனுக்கே திரும்பி வருகிறது.

நீர்ப்பரப்பு நம் கண்ணுக்கு அவ்வளவு இளகியதாக, கை வைத்தால் விலகிக் கொடுப்பதாகத் தெரிகிறது. குரலுக்கு அது சுவர்.

2

ஆவடியைச் சேர்ந்த ஒரு வங்கிக் கிளையில் நான் குமாஸ்தா. எந்த வங்கி, எந்தக் கிளை என்பது இங்கே தேவையில்லை. என் முன்னால் ஒரு கண்ணாடி. கண்ணாடியின் அடியில் பாஸ்புக் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. அதன் வழியாகத்தான் பணமும் பேச்சும் போய்வருகின்றன. இந்தப் பக்கத்து ஜனங்களில் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் அதிகம். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க அவர்கள் வரிசையில் நிற்கும்போது, கிளை முழுவதும் கூச்சலாக இருக்கும். பாதிப் பேருக்குக் காது மந்தம். அவர்கள் கத்துகிறார்கள், நாங்களும் கத்துகிறோம்.

அவர்களில் ஒரு பெரியவர். முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் முன்னால் நின்றவர். இரைச்சலால் வருகிற செவிட்டுத்தனத்துக்கு ஒரு குணம் உண்டு. அது முதலில் உயர்ந்த அதிர்வெண்களைத் தின்கிறது, குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம். உயிரெழுத்துகளின் கனம் கீழ் ஸ்தாயியில் இருப்பதால் அவை தப்பிவிடும். அடிபடுபவை மெய்கள். வல்லினம் என்று இலக்கணம் பெயர் வைத்தவைதான் காற்றில் பலவீனமானவை. 1970-இல் சென்னையிலிருந்து வந்த ஒரு சிறுபத்திரிகை 'கசடதபற' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. வல்லினம் என்ற மிடுக்கு அந்தப் பெயரில் இருந்தது. அந்த மிடுக்கான எழுத்துகளில் பெரும்பாலானவற்றின் கூர்மை இந்தப் பெரியவரின் காதில் இல்லை. அவருக்குக் குரல் கேட்கும்; சொல் கேட்காது. கத்தினால் ஆகாரமும் ஓகாரமும் பெரிதாகும், மெய்கள் தெளியாது. இதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு மார்ச் மாதம். வருஷக் கடைசி. வரிச்சலுகை வைப்புநிதியில் இத்தனை சேர்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஓர் இலக்கு இருந்தது. பெரியவரின் பழைய வைப்பு ஒன்று முதிர்ந்திருந்தது. அதில் ஒன்றரை லட்சத்தை இந்தக் கணக்கில் போடலாமா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். ஐந்து வருஷத்துக்கு எடுக்க முடியாது, சம்மதமா என்றேன். தலையாட்டினார். நான் கடமை தவறவில்லை என்பதற்காக மறுபடியும், கிளையே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, கத்திச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். படிவத்தை நானே நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுப் பிளவு வழியே தள்ளினேன். போட்டுக் கொடுத்தார். அவருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமே கிடையாது.

ஆகஸ்டில் வந்தார். மனைவி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். இந்த வகை வைப்பை நடுவில் எடுக்க முடியாது; அதன் பேரில் கடன் வாங்கவும் முடியாது. வைத்தவர் இறந்தால் மட்டும் நாமினி எடுத்துக்கொள்ளலாம். கடைசி விதியைத் தவிர மற்றவற்றைக் கத்திச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பணம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறார் என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த பெஞ்சிலிருந்து வருகிறது. இரண்டு பேருக்கு நடுவே ஓர் எல்லை இருக்கிறபோது, கடந்து போக வேண்டிய கடமை யாருடையது? சொல்பவனுடையதா, கேட்பவனுடையதா? நான் மூன்று முறை சொன்னேன். சட்டப்படி என் கை சுத்தம். கையெழுத்தும் இருக்கிறது.

3

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்பது பிரசித்தம். நான் அங்கே போனதில்லை, படித்ததுதான். நிலவு காயும் அமைதியான இரவுகளில், கல்லடிப் பாலத்தை ஒட்டிய நீரில், தந்தியைச் சுண்டியது போன்ற ஓர் ஒலி. இலங்கையின் காலனி நிர்வாகத்தில் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848-இல் படகில் போய் அதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி வெகுவாகப் பெருகியது என்பதையும் குறித்திருக்கிறார். மீனவர்கள் அவரிடம் மீனைச் சொல்லவில்லை, ஊரியைச் சொன்னார்கள். சிப்பி இனமா மீனா என்ற தகராறு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. ஊரின் சின்னத்தில் மீன் ஏறிக்கொண்டுவிட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் கேட்கும் முறை. துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு அழுத்திக்கொள்வார்கள். வேறு கருவி கிடையாது. இதில் மந்திரம் எதுவுமில்லை. ஒலியைப் பொறுத்தவரை நீருக்கும் மரத்துக்கும் வேற்றுமை கொஞ்சம்தான்; மரத்துக்கும் மண்டையோட்டுக்கும்கூட அதிகமில்லை. ஆகவே நீரிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து எலும்புக்கும் அது அநேகமாகச் சேதமில்லாமல் வந்துவிடுகிறது. காற்று என்ற இடைஞ்சலைத் துடுப்பு சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடன் செய்ததும் சாராம்சத்தில் இதுதான். ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் நீருக்குள் அடித்த மணியை, ஏரிக்குள் இறக்கிய ஒரு நீண்ட குழாயில் காதை வைத்துக் கேட்டு, நீரில் ஒலியின் வேகத்தை அளந்தார். விஞ்ஞான சரித்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது. வாவிக்காரர்களின் பெயர் இல்லை. அந்தக் குறையை இங்கே நான் பெரிதுபடுத்தவில்லை. இரண்டு இடத்திலும் மணி இன்னும் பலமாக அடிக்கட்டும், மீன் இன்னும் உரக்கப் பாடட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேலே வசதியாக இருந்தவன் குனிந்தான். தன் எலும்பை அந்த ஊடகத்தோடு பிணைத்துக்கொண்டான்.

போர் நடந்த வருஷங்களில் இரவில் வாவிக்குப் போய்த் துடுப்பை அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்திருக்காது. அப்போதும் நீருக்குள் அந்த ஒலி இருந்திருக்கும். கேட்கப்படாத ஒலி இல்லாத ஒலி என்று வாதிடுகிற தத்துவவாதிகள் கிணற்றில் மூழ்கிப் பார்க்காதவர்கள் என்று நினைக்கிறேன்.

4

எதிர்த் திசையில் ஓர் உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் தொடங்கப்பட்ட கடற்படை நிலையம் அது. கடலடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசுவதற்கென்று ஏற்பட்டது. இங்கே ஊர்தி ஒலியல்ல, வானொலி. சாதாரண வானொலி அலை கடல்நீரில் நுழைந்ததும் செத்துவிடும். ஆகவே மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், ஓர் அலையின் நீளமே பத்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்படியான அலைகளை அனுப்புகிறார்கள். பூமியின் பரப்புக்கும் மேல்வான அடுக்குக்கும் இடையே வழிநடத்தப்பட்டு அவை வெகுதூரம் போகும். கடலுக்குள் 20 மீட்டர் அளவுக்கு இறங்கும். அதற்கு வானளாவிய கம்பங்களும் ஏராளமான மின்சக்தியும் வேண்டும். நீர்மூழ்கியிடம் அந்தக் கம்பங்கள் கிடையாது. எனவே அது கேட்கலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. பேச வேண்டுமானால் மேலே வந்து கம்பத்தை நீட்ட வேண்டும். ஒளிந்திருப்பதற்காகவே பிறந்த கலத்துக்கு அது அபாயம்.

இந்த நிலையத்துக்கு வைத்த பெயர் கட்டபொம்மன். 1799-இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட அந்தப் பாளையக்காரன் தமிழ் நினைவில் எதற்காக நிற்கிறான்? எதிர்த்துப் பேசியதற்காக. கிஸ்தி கேட்டு வந்தவனுக்குப் பதில் சொன்னதற்காக. நாடகத்திலும் கூத்திலும் 1959-இன் சினிமாவிலும் அவன் செய்கிற பிரதான காரியம் பதில் சொல்வதுதான். பதில் பேச வழியில்லாதவர்களுக்குக் கட்டளை அனுப்பும் இடம் அவன் பெயரில் இருக்கிறது. பெயரிட்டவர்கள் இதை யோசித்திருக்க வேண்டியதில்லை. ராணுவத்துக்கு அதன் நியாயம் இருக்கிறது. நான் அதை விசாரிக்க வரவில்லை.

எனக்கு அது ஒரு முக்கியமான பிழையைக் காட்டித் தருகிறது. எல்லையைக் கடக்க யார் அதிகம் சிரமப்படுகிறானோ அவனே தார்மிகமானவன் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். விஜயநாராயணத்தில் சிரமம் முழுவதும் சொல்பவனுடையது. கேட்பவன் சும்மா இருந்தால் போதும். எல்லை வெற்றிகரமாகக் கடக்கப்படுகிறது. ஆனால் அங்கே நடப்பது என் மாமாவின் இரண்டாவது வாக்கியம் மட்டுமே: சொன்னால் கேட்க வேண்டும். அதாவது, சிரமம் ஓர் அளவுகோல் ஆகாது. தொண்டை வறளக் கத்திய நானும் சிரமப்பட்டவன்தான்.

அளவுகோல் பதிலில் இருக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது. என் சொல் அவனை எட்டியது என்பதற்கு அவனுடைய தலையாட்டல் சாட்சியாகாது. 'வேண்டாம்' என்று சொல்ல அவனுக்கு வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். வழி இருந்தும் தலையாட்டினால் அது சம்மதம். வழியில்லாத இடத்தில் தலையாட்டல் என்பது மரியாதை, அல்லது களைப்பு, அல்லது பின்னால் வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்புக்குப் பயந்த அவசரம். பெரியவர் மூன்று முறை தலையாட்டினார். ஒருமுறைகூட அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை.

தமிழில் 'கேள்' என்ற ஒரே வேர் செவிமடுப்பதற்கும் வினவுவதற்கும் ஆகிவருகிறது. கேள்வி என்றால் கேட்டறிந்த ஞானமும்தான், வினாவும்தான். வள்ளுவர் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அங்கே கேள்வி, கேட்பவனுக்குச் சேரும் செல்வம். கேள் என்பதற்கு உறவு, நட்பு என்றும் பழைய பொருள் உண்டு. கேளிர் அதன் வழி வந்தது. செவி, வினா, உறவு என்ற மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிய பாஷை, நாலாவதாகக் கீழ்ப்படிதலையும் அதில் சேர்த்துக்கொண்டது எப்போது என்று எனக்குத் தெரியாது. அதிகாரம் உள்ள இடங்களில் எல்லாம் நாலாவது முதல் மூன்றையும் விழுங்கிவிடுகிறது என்பதை மட்டும் கவுண்டரின் உட்புறத்திலிருந்து சொல்ல முடியும்.

5

2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டொனோலினி, அடிப் என்ற இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நீருக்குள் ஓர் ஒலிபெருக்கி. அதன் ஒலி மேலே வந்து பரப்பில் மோதித் திரும்பிவிடுகிறது. நாம் பார்த்தபடி எல்லாம் திரும்புகிறது. ஆனால் மோதுகிற இடத்தில் பரப்பு சற்றே அசைகிறது. சில மைக்ரோமீட்டர் அளவுக்கு. தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. மேலே காற்றில் ஒரு ரேடாரை நிறுத்தி அந்த அசைவை வாசிக்கிறார்கள். கீழிருந்து வந்த குரல் எல்லையைக் கடக்கவேயில்லை. எல்லையில் விழுந்த அதன் நடுக்கம் படிக்கப்படுகிறது. பெரிய அலைகள் எழும்பினால் இந்தச் சிறு நடுக்கத்தைப் பிரித்தெடுப்பது கடினம். நீச்சல்குளத்தில், ஆட்கள் நீந்தி அலை கிளப்பும்போதும் வாசிக்க முடிந்தது. ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் அலை வரைக்கும். கொந்தளிக்கும் கடலுக்கு அது இன்னும் போதாது. இந்த வழியில் கீழிருந்து மேலேதான் பேசலாம். மேலிருந்து கீழே முடியாது. விஜயநாராயணத்துக்கு நேர் எதிர்.

பெரியவரின் முகத்தில் ஒரு நடுக்கம் இருந்ததா? இருந்தது. இரண்டாவது தலையாட்டலின்போது அவர் என் வாயைத் தேடினார். என் வாய்க்கு முன்னால் கம்ப்யூட்டர் திரை இருந்தது. கண்ணாடியில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு விழுந்திருந்தது. அவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார், பிறகு மறுபக்கம். நான் அதைப் பார்த்தேன். மார்ச் மாதக் கொந்தளிப்பில் நான் வாசிக்கவில்லை.

எல்லையில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது, உட்காராததன் விலை தெரிந்த பிறகுதான் அரசாங்கங்களுக்கும் புரிகிறது. பசிபிக் கடலில் 1949 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது. இந்துமகா சமுத்திரத்தில் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். 2007-இல் ஹைதராபாதில் மையம் வந்தது. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆழ்கடலில் கருவிகளை இறக்கியது. கடலின் அடித்தரையில் நீரின் அழுத்தத்தை அளந்துகொண்டிருக்கும் ஒரு கருவி, அதை ஒலியாக மேலே அனுப்புகிறது. பரப்பில் ஒரு மிதவை அதைக் கேட்டு, செயற்கைக்கோளுக்கு வானொலியில் சொல்கிறது. மிதவையின் அடிப்பாதி நீரின் பாஷையில், மேல்பாதி காற்றின் பாஷையில். அதுவும் துடுப்புதான். பிணங்களுக்குப் பிறகு வைத்த துடுப்பு.

6

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். எல்லோரும் எல்லோருக்காகவும் குனிந்துகொண்டே இருக்க முடியுமா? கேட்பது இயல்பாக நடக்க வேண்டிய காரியம். அதை ஓர் உழைப்பாக, கடனாக ஆக்குவது மிகை.

இயல்பாக நடப்பது எதுவும் அங்கே இல்லை. நம் உட்செவி திரவம் நிரம்பிய ஒரு சுருள். விரித்தால் 35 மில்லிமீட்டர். நாம் காற்றில் வாழ்கிறோம், நீரில் கேட்கிறோம். கிணற்றங்கரை மாமாவின் பிரச்னை ஒவ்வொரு காதுக்குள்ளும் இருக்கிறது. காற்றில் வருகிற ஒலி அந்தத் திரவத்தில் நேரடியாக மோதினால் அநேகமாக முழுவதும் திரும்பிப் போய்விடும். நடுச்செவியில் மூன்று குட்டி எலும்புகள் இருப்பது இதற்காகத்தான். செவிப்பறையின் பரப்பில் விழும் அழுத்தத்தை, அதைவிடப் பல மடங்கு சிறிய ஒரு வாசலில் குவித்து, ஏறக்குறைய இருபது மடங்காக்கி உள்ளே தள்ளுகின்றன. உள்ளே திரவத்தில் கிடக்கும் ஒரு சவ்வின் மேல் அலை எழுந்து ஓடுகிறது. ஓடிப்போய் ஓர் இடத்தில் உச்சம் கொண்டு அடங்குகிறது. எந்த இடம் என்பது ஸ்தாயியைப் பொறுத்தது. ஹங்கேரியின் தபால் தந்தித் துறையில் தொலைபேசி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெக்கெஷி என்பவர் பிணங்களின் காதில் இதைக் கண்ணால் பார்த்தார். 1961-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பார்த்த அலை, குளத்தில் கல் எறிந்தால் பரவுகிற அலைக்கு ஒருவகையில் உறவு. ஆக, நான் கேட்ட ஒவ்வொரு சொல்லும் ஒரு சிறு நீர்நிலைக்குள் அலையாக ஓடித்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. எனக்காக மூன்று எலும்புகள் ஓயாமல் உழைத்திருக்கின்றன. அது நடப்பது தெரியாததால் கேட்பதை என் இயல்பு என்று எண்ணிக்கொண்டேன். பிரஸ் மெஷின் அவருடைய சுருளில் எதை அழித்ததோ அது எனக்கு மிச்சமிருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். மிச்சமிருப்பவன் நாலாவது எலும்பாக ஆவதில் மிகை என்ன இருக்கிறது?

இது போன்ற பத்திரிகையைப் படிப்பவர்கள் இன்னொரு ஆட்சேபத்தை இந்நேரம் தயார் செய்திருப்பார்கள். அப்படியானால் புரியாத கவிதை? 1959-இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து 'புரியவில்லை' என்ற குற்றச்சாட்டு நம்மைத் துரத்திவருகிறது. வாசகன் முயன்று வர வேண்டும் என்று நாம் பதில் சொல்லி வந்திருக்கிறோம். என் வாதத்தின்படி கவிஞன்தானே வாசகனிடம் குனிய வேண்டும்?

வேண்டியதில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். கவிதையின் வாசகன் பத்திரிகையை மூடிவைத்துவிட்டுப் போகலாம். மறுப்பு அவன் கையில் இருக்கிறது. அவனுடைய ஒன்றரை லட்சம் எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை. கவிதை மட்டக்களப்பு மீன் மாதிரி தன் ஆழத்தில் பாடிக்கொண்டிருக்கலாம். விருப்பமுள்ளவன் துடுப்பு கொண்டுவருவான். கவிதையின் சிரமத்தையும் படிவத்தின் சிரமத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. படிவம் புரியாதவனைக் கட்டிப்போடுகிறது. கவிதை அப்படிச் செய்வதில்லை.

ஆனால் விமர்சகர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? புரியவில்லை என்று சொன்னவனை ரசனையற்றவன் என்று இகழ்ந்து, அந்தச் சொல்லையே சொல்லக் கூசும்படி செய்திருக்கிறோம். இலக்கியக் கூட்டங்களில் கடைசி வரிசையில் இருந்துகொண்டு தலையாட்டும் முகங்களைப் பார்த்திருக்கிறேன். பல வருஷம் நானும் அப்படித் தலையாட்டியவன். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, புரியாத பெயர்களைக் கேட்டுப் புன்னகைத்தவன். 'எனக்கு இது எட்டவில்லை' என்று ஒருவன் வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய இடம் இருந்தால்தான் அங்கே நடப்பது பேச்சு. இல்லையென்றால் நம் பக்கங்களிலும் நான் பென்சிலால் போட்ட பெருக்கல் குறிகள் இருக்கின்றன.

7

ஆகஸ்டின் அந்த நாளுக்குத் திரும்புகிறேன். கிளைக்குத் தேநீர் கொண்டுவரும் அம்மாள், நான் பெஞ்சைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "ஏன் சார் கத்துற? எழுதிக் காட்டு. தெனம் இங்க ஒக்காந்து பேப்பரு படிக்கிறவருதான அவரு" என்றார்.

அது உண்மை. பென்ஷன் நாளானாலும் இல்லாவிட்டாலும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பவர் அவர். மூன்று வருஷமாக என் கண்ணெதிரில் அது நடந்துகொண்டிருந்தது. எழுதிப் பிழைக்கிறவன் நான். எழுத்தைப் பற்றி எழுதுகிறவன் வேறு. எழுதிக் காட்டலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. என் மேஜையில் பேனா, அதுவும் நூல் கட்டிய பேனா, இருந்தது.

கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். ஒரு பழைய சலானின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதினேன். ஐந்து வருஷம் எடுக்க முடியாது. கடனும் கிடைக்காது. இதை மார்ச்சில் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. தவறு என்னுடையது. அவர் உதடசைத்து இரண்டு தரம் படித்தார். பிறகு காது கேளாதவர்களுக்கே உரிய, அளவு தெரியாத உரத்த குரலில் சொன்னார்: "இத அன்னைக்கே எழுதிக் காட்டியிருக்கலாமே தம்பி. வேணாம்னு சொல்லியிருப்பேன்."

கிளை முழுவதும் கேட்டது. அவர் எனக்குச் சொன்ன முதல் பதில் அது. பணம் வேறெங்கோ வட்டிக்குப் புரட்டினார் என்று பிறகு தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. வைப்பு அங்கேயேதான் இருக்கிறது. அதை நான் எதுவும் செய்ய முடியாது. என் பக்கத்தில் இப்போது ஒரு சிறிய கட்டாகப் பழைய சலான்கள் வைத்திருக்கிறேன், எழுதாத பக்கம் மேலாக. அதை ஒரு பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் இன்னமும் பேப்பர் படிக்க வருகிறார். சலானில் எதையாவது எழுதி நீட்டினால் வாங்கிப் படித்துவிட்டு, சில நாள் பதில் சொல்கிறார்; சில நாள் சொல்வதில்லை.